உறுத்துனா வாங்க

கோவில்பட்டியில் பல் செட்டு மாட்டிக்கொண்டு முறுக்கு கடிக்கிறவர்களில் பாதிப்பேர் சண்முகராஜின் கைவேலையைத்தான் வாயில் வைத்திருக்கிறார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, மெழுகில் உருவம் பிடித்து, அச்செடுத்து, பவுடரையும் லிக்விடையும் குழைத்து அடைத்து, வெந்நீரில் வேகவைத்து, பாலிஷ் போட்டுத் தருகிறவர் இவர். முப்பது வருஷமாக அந்த லிக்விடு வாசத்தை இழுத்து இழுத்து, இப்போது மல்லிகைப்பூவை மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினாலும் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பல் போனால் கன்னம் ஒட்டிப்போகும் இல்லையா, அதை நிரப்ப மெழுகை எப்போதும் ஒரு பூச்சு கூடவே வைப்பார். "கல்யாணப் போட்டோ இருந்தா கொண்டாங்க" என்று கேட்டு வாங்கி, எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்வார். செட்டை மாட்டினதும் பத்து வயசு குறைந்த முகம் கண்ணாடியில் நிற்கும். ஊரில் அவருக்குப் பேர் அதனால்தான். கூட வைத்தால் சில பேருக்கு ஈறில் அழுத்தும், புண்ணாகும். அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது. "உறுத்துனா வாங்க, தேய்ச்சுத் தாரேன்" என்பார். வருவார்கள். அழுத்துகிற இடத்தை மெஷினில் இரண்டு இழுப்பு தேய்த்துக் கொடுப்பார். சரியாகிவிடும். குறைத்து வைத்துவிட்டால் அப்புறம் கூட்ட முடியாது, கூட வைத்தால் எப்போதும் குறைத்துக்கொள்ளலாம். அந்தத் தொழிலில் அவர் கண்டுகொண்டது அவ்வளவுதான்.

அவர் மனைவி கல்யாணசுந்தரி தீப்பெட்டி ஆபீஸில் கட்டுப் போடுகிறவள். பத்துப் பத்துப் பெட்டியாக எண்ணி அடுக்கித் தாளைச் சுற்றி ஒட்டி ஓரமாகத் தள்ளுகிற வேலை. கை எண்ணும், வாய் பேசும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. பிள்ளை இல்லாத வீடு. இருந்த சத்தமெல்லாம் அவள் சத்தம். ஆபீஸில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பக்கத்து வீட்டு பிரேமா மருமகள் எதற்காகக் கோபித்துக்கொண்டு போனாள், தக்காளி என்ன விலை விற்கிறது, எல்லாம் சோற்றோடு சேர்ந்து அவர் தட்டுக்கு வரும். சண்முகராஜ் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிசயம். "எல்லாருக்கும் பல்லு கட்டிக் குடுக்கீங்க, நீங்க வாயத் தொறக்க எவன் வரணும்" என்று கேலி பண்ணுவாள். அவர் சிரிப்பார். அவருக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றினதும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில், எட்டயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பினார்கள். விதைப்பு நேரம். டிராக்டர்கள் காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது டயரில் ஒட்டின கரிசல் மண்ணைத் தார் ரோட்டில் அப்பிவிட்டுப் போயிருந்தன. காய்ந்து கிடந்தால் ஒன்றும் இல்லை. ஒரு தூத்தல் விழுந்தால் போச்சு, வெண்ணெய் தடவின மாதிரி ஆகிவிடும். இது தெரியாத ஆளா அவர்? தெரிந்து மெதுவாகத்தான் வந்தார். இருந்தும் வண்டி வழுக்கியது. அவர் முழங்கைச் சிராய்ப்போடு எழுந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. ரோட்டோரக் கல்லில் இடது நெற்றி மோதியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே ஹெல்மெட் அவர் தலையில் இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் யோகராஜ் என்கிற இளவயது டாக்டர் அறுவை செய்தார். இடது நெற்றியிலிருந்து காது மேல் வரைக்கும் எலும்பு நொறுங்கி, கரிசல் மண் உள்ளே ஏறியிருந்தது. மூளை வேறு வீங்கிவிட்டது. நொறுங்கின எலும்பை எடுத்தார்கள். மண் பட்டதைத் திரும்ப வைக்க முடியாது என்று தூரப் போட்டுவிட்டார்கள். உயிர் தங்கிற்று. வீக்கம் வற்றினதும் அந்த இடம் கிண்ணம் மாதிரிக் குழிந்துபோயிற்று. வலது கை தொங்கிற்று. பேச்சு சுத்தமாகப் போயிற்று.

மூன்று மாதம் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வாய் அசையும், கண்ணீர் வரும், வார்த்தை வராது. சண்முகராஜ் கடையை அடைத்துவிட்டுச் சோறு பொங்கினார், தலை சீவிவிட்டார், சேலை கட்டிவிடப் பழகினார். அதெல்லாம் அவருக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. தட்டில் சோறு மட்டும் வந்ததுதான் தாங்கவில்லை.

"எலும்பு இல்லாத இடத்துல வெளிக்காத்து மூளைய அமுக்குது அண்ணாச்சி" என்றார் டாக்டர். "மூடி வச்சா சில பேருக்குக் கையும் பேச்சும் திரும்புது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா மூடித்தான் ஆகணும். எலும்பு சிமெண்ட்னு ஒண்ணு இருக்கு. குழைச்சு வச்சா இறுகிரும்."

"பவுடரும் லிக்விடுமா?" என்று கேட்டார் சண்முகராஜ்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"குழைக்கையில மாவு மாதிரி இழுவும், இறுகையில சூடாகும், மூக்கப் பிடிக்கிற வாசம் வரும். அதானே டாக்டர்? முப்பது வருசமா அதத்தான் செய்யுதேன்."

ஏறக்குறைய அதேதான். இரண்டும் ஒரே குடும்பம். பல் செட்டுக்கு வேறு ரகம், எலும்புக்கு வேறு ரகம். ஆப்பரேசன் மேஜையில் மூளைக்கு மேல் வைத்துச் சூடாக இறுகவிடுவதைவிட, முன்கூட்டியே அச்சில் வார்த்துக்கொண்டு வந்தால் நல்லதுதான், பல் வேலை செய்கிறவர்களை வைத்து அப்படிச் செய்வதுண்டு என்றார் டாக்டர். சண்முகராஜுக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை. ஊரானுக்கெல்லாம் முகம் கட்டிக் கொடுத்தவன் பெண்டாட்டிக்கு நெற்றி கட்டித் தர மாட்டேனா என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டாக்டரைக் கூட வைத்துக்கொண்டு மறுபடி மொட்டையடித்த தலையில் அவரே அளவெடுத்தார். ஆஸ்பத்திரி கொடுத்த சிமெண்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது டாக்டர் வாசல் வரைக்கும் வந்து சொன்னார்.

"ஒண்ணு மட்டும் கவனம் அண்ணாச்சி. மூணு மாசமா எலும்பு இல்லாம தோலு சுருங்கிப் போயிருக்கு. பழைய உயரத்துக்கு வைக்காதீங்க. ஒரு மில்லிமீட்டர் தாழவே இருக்கட்டும். மேடா இருந்தா தோலு தாங்காது."

"சரி டாக்டர்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

மாடி அறையில் கல்யாணப் போட்டோவைச் சாய்த்து வைத்தார். அவளுக்கு நல்ல அகலமான நெற்றி, பொட்டுக்கு மேலே ஒரு சின்ன மேடு. முதலில் டாக்டர் சொன்னபடி தாழ்த்தித்தான் மெழுகு வைத்தார். வைத்துப் பார்த்தால் மொண்ணையாக இருந்தது. யாரோ ஒரு பொம்பளை நெற்றி மாதிரி இருந்தது. கத்தியைச் சூடு பண்ணினார். ஒரு பூச்சு வைத்தார். போட்டோவைப் பார்த்தார். இன்னொரு பூச்சு வைத்தார். இப்போது அவளாக இருந்தது. தாழ்த்தச் சொன்ன ஒரு மில்லியும் போய், அதற்கு மேல் ஒரு மில்லியும் ஏறியிருந்தது. அளவுகோலில் பார்த்தார், பார்க்காமல் இல்லை. டாக்டர்மார் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள், மாட்டினால் அழகு தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பது வருஷமாக அந்தக் கைக்குக் கூட வைத்துத்தானே பழக்கம். உறுத்தினால் தேய்த்துக்கொள்ளலாம் என்று கை நினைத்துவிட்டது. தலைக்குள் வைத்துத் தைத்த பிறகு யார் வந்து உறுத்துகிறது என்று சொல்லப்போகிறார்கள், எதை எடுத்துத் தேய்க்கப்போகிறார் என்று அந்த மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாசி மாதம் வைத்தார்கள். ஓரத்து இடுக்கையெல்லாம் டாக்டர் அங்கேயே சிமெண்டு குழைத்து அடைத்தார். வெளியே வந்து, "கொஞ்சம் இழுத்துத்தான் தைக்க வேண்டியதாயிருச்சு" என்றார். சண்முகராஜ் தரையைப் பார்த்தார்.

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். ஒன்பதாம் நாள் அவள் "தண்ணி" என்றாள். பங்குனியில் "பிரேமா எங்க" என்று கேட்டாள். சித்திரை முடிவதற்குள் முழுசாகத் திரும்பிவிட்டது. வலது கை டம்ளரைப் பிடித்தது. தட்டில் சோற்றோடு ஊர்க்கதை விழுந்தது. சண்முகராஜ் குழம்பை ஊற்ற மறந்து வெறும் சோற்றைப் பிசைந்து தின்றார். பிரேமா வந்து உட்கார்ந்தால் இரண்டு பேரும் பேசுகிற பேச்சில் டிவி சத்தம் கேட்காது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவள் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "இவிய செஞ்சது. போட்டோவப் பாத்து அப்படியே செஞ்சிருக்காவ. எந்த டாக்டருக்கு வரும் இது?" அவர் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்தப் பத்து மாதம் அவர் வாழ்க்கையிலேயே நல்ல காலம். தான் கூட வைத்ததுதான் சரி என்றுகூட நினைத்தார்.

மார்கழியில் தலையணை உறையில் ஒரு மஞ்சள் கறை. புருவத்துக்கு மேலே, மயிர் தொடங்குகிற இடத்தில், பரு மாதிரி ஒரு புள்ளி. அமுக்கினால் சொட்டு நீர் வந்தது. ஈறில் புண் வந்தவர்களை ஆயிரம் பேரைப் பார்த்தவர் அவர். அழுத்தத்தால் வந்த புண் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. களிம்பு தடவினார். "சூட்டுக் கொப்புளமா இருக்கும்" என்றார். இரண்டு வாரம் போயிற்று. ஒரு காலையில் தலை சீவிவிடும்போது, அந்தப் புள்ளி வாய் திறந்து பருப்பு அளவுக்குப் பிளந்திருந்தது. உள்ளே ரத்தம் இல்லை, சதை இல்லை. பளபளவென்று வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அவர் போட்ட பாலிஷ்.

யோகராஜ் டாக்டர் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்கவில்லை. தோல் அரித்துவிட்டது, உள்ளே சீழ். சிமெண்டில் ரத்த ஓட்டம் கிடையாது, ஒரு தடவை கிருமி ஏறினால் எந்த மருந்தும் அதற்குள் போய்ச் சேராது. எடுத்தே ஆக வேண்டும். அடுத்த புதன்கிழமை.

வராந்தாவுக்கு வந்ததும் சண்முகராஜ் மெதுவாகக் கேட்டார். "எடுத்தா பேச்சு?"

"போகலாம் அண்ணாச்சி. முன்னால பாத்தோமே. இப்ப சீழும் இருக்கு, அதனால போன தடவைய விட மோசமாவும் ஆகலாம். எடுக்கலைன்னா மூளைக்குள்ள எறங்கிரும்."

"மறுபடி வைக்கலாமா?"

"வருசம் ஒண்ணு போகணும். தோலு இருக்கணும்ல."

ஆக, ஒரு வாரம் இருந்தது. அவளுக்குப் பேச்சு இருக்கிற ஒரு வாரம். சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டார். நான்தான் கூட வைத்தேன், டாக்டர் தாழ்த்தச் சொன்னார், நான் கேட்கவில்லை. அவ்வளவுதானே. அவள் வையட்டும். சோறு போடாமல் இருக்கட்டும். மண்ணை வாரித் தூற்றட்டும். எதுவானாலும் அவள் வாயால் வந்தால் போதும். பதில் சொல்ல முடிகிற ஆளிடம்தான் தப்பை ஒத்துக்கொள்ள முடியும். அதற்குப் புதன்கிழமை வரைக்கும்தான் தவணை.

அவளோ பஸ்ஸில் ஏறினதிலிருந்து டாக்டரைத் திட்டிக்கொண்டு வந்தாள். "இழுத்துத் தைச்சேன்னு அவனே சொன்னாம்லா. தங்கம் மாதிரி செஞ்சு குடுத்தத ஒழுங்கா வைக்கத் தெரியல அந்தப் பயலுக்கு."

"அப்படிச் சொல்லாத சுந்தரி" என்றார்.

"பின்னே எப்படிச் சொல்ல? நீங்க செஞ்சதுல என்ன குத்தம்? சொல்லுங்க."

சொல்லுங்க என்று அவளே கேட்டாள். வாய் வரைக்கும் வந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டான், சில்லறை எடுத்தார், அது போயிற்று. மறுநாள் பிரேமா வந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கு மறுநாள் கல்யாணசுந்தரிக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தனியாகத்தான் இருந்தார்கள். எதிரே உட்கார்ந்து, "ஒரு விசயம்" என்று ஆரம்பித்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படுதீங்களா? பேச்சுப் போனா போகட்டும். நீங்க மறுபடியும் ஒண்ணு செஞ்சுர மாட்டீங்களா? உங்க கை இருக்கைல எனக்கென்ன." அதைக் கேட்ட பிறகு எந்த ஆம்பளைக்குத்தான் வாய் வரும்? கோழை என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். அவர் எழுந்துபோய்க் காப்பி போட்டார்.

புதன்கிழமை காலை தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது கூடவே நடந்தார். கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். இதுதான் கடைசி இடம் என்று தெரிந்தது. குனிந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"பிரேமா டிபன் பாக்ஸ் நம்ம வீட்டுல கெடக்கு. குடுத்திருங்க. கேக்க மாட்டா, மனசுல வச்சிக்கிடுவா."

கதவு திறந்தது, போய்விட்டாள்.

அவர் வார்த்த சிமெண்டு பிளேட்டை எடுத்தார்கள். அதன் அடியில் சீழ் கட்டியிருந்தது, மூளையின் உறை வரைக்கும் இறங்கியிருந்தது. பன்னிரண்டு நாள் காய்ச்சல், இரண்டு தடவை வலிப்பு. அது தணிந்தபோது வலது கை மறுபடி தொங்கிற்று. பேச்சு இல்லை. பழைய கிண்ணம் இன்னும் ஆழமாக விழுந்தது. அரித்த தோலை வெட்டி எடுத்ததில் மிச்சத் தோல் வெங்காயச் சருகு மாதிரிப் பள்ளத்தில் ஒட்டிக் கிடந்தது. அதன் அடியில் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பிளேட் இருந்தது. பாலிஷ் மங்கி, பழுத்த நிறமாகியிருந்தது.

"இந்தத் தோலு இனிமே எந்தப் பிளேட்டையும் தாங்காது அண்ணாச்சி. சென்னையில எங்கயாவது தொடையிலருந்து சதை எடுத்து மூடிப் பாக்கலாம். ஆனா இந்த உடம்பு அவ்வளவு பெரிய ஆப்பரேசன் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்." உறையைத் தொட்டார். "எடுத்தப்புறம் அளந்து பாத்தேன். மேடுதான். வைக்கிறதுக்கு முன்னால நான் அளந்திருக்கணும். தப்பு என்னோடது. உங்க மேல ஒண்ணும் இல்ல, மனசுல வச்சிக்கிடாதீங்க."

அந்தப் பிள்ளைக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தலை குனிந்து மன்னிப்புக் கேட்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். சண்முகராஜ் அங்கேயும் வாய் திறக்கவில்லை. உறையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளுக்கு ஒன்று திரும்பிற்று. பேச்சு இல்லை, எண்ணிக்கை. பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் எண் மட்டும் மிஞ்சும், அது வேறு இடத்தில் இருக்கிறது என்று டாக்டர் போனில் சொன்னார். பசித்தாலும் ஒண்ணு ரெண்டு, வலித்தாலும் ஒண்ணு ரெண்டு. பிரேமா வந்து டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு, "என்னைத் தெரியுதா சுந்தரி?" என்று கேட்டாள். அவள் பிரேமா கையைப் பிடித்துக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணினாள். பிரேமா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனவள், பிறகு அடிக்கடி வரவில்லை.

சண்முகராஜ் கடையைத் திறந்தார். திறக்காமல் என்ன செய்ய. காலையில் அவளுக்குச் சோறு ஊட்டிக் கதவைச் சாத்திவிட்டுப் போவார், மத்தியானம் ஓடி வருவார். இப்போது செட்டுகளைக் குறைத்துத்தான் கட்டுகிறார். கன்னம் ஒட்டினபடியே இருக்கிறது என்று இரண்டு டாக்டர்கள் வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்கள். யாரிடமும் அவர் காரணம் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம், வெளியே காடெல்லாம் வெடித்துக் கிடக்கிற வெயில். அவளுக்குத் தயிர்ச்சோறு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"சுந்தரி. டாக்டர் மேல தப்பில்ல. தாழ்த்தி வைக்கச் சொன்னாரு. நாந்தான் கூட வச்சேன். ரெண்டு மில்லி. போட்டோவுல இருக்க மாதிரி நீ இருக்கணும்னு வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன்." உறைக்கு மேலேயே அந்த மேட்டைத் தொட்டுக் காட்டினார். "புள்ளி வந்தப்பவும் எனக்குத் தெரியும். ரெண்டு வாரம் மறைச்சிட்டேன். நீ ஏதாவது சொல்லு. வையி."

முப்பது வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவளிடம் இவ்வளவு பேசினதில்லை. அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் கோணிற்று. உதடு எதையோ தேடிற்று. ஏதோ ஒன்று, ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று அவர் முழங்காலை ஊன்றி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு" என்றாள். "ரெண்டு. மூணு."

"சுந்தரி."

"நாலு. அஞ்சு. ஆறு."

கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது அவர் சொன்னது புரிந்து வந்ததா, தினம் வருகிறதுதானா என்று அவருக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று அவள் அவசரப்படாமல் எண்ணினாள். பத்து வந்ததும், மடியில் இருந்த உறையை இடது கையால் தீப்பெட்டிக் கட்டை நகர்த்துகிற மாதிரி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடி ஒண்ணிலிருந்து ஆரம்பித்தாள்.